ஆன்லைனில் 1500 வந்துவிட்டால் ஃபிடே ரேட்டிங் கிடைத்ததாகுமா?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. திண்டுக்கல்லில் இருக்கிறோம். சென்ற மாதம் லிசெஸ் தளத்தில் கணக்குத் தொடங்கி செஸ் விளையாடுகிறான். ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) 1500க்குப் பக்கத்தில் காட்டுகிறது. “ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங்கே 1400இல்தான் ஆரம்பம், உங்கள் பையன் அதைத் தாண்டிவிட்டான். செஸ்.காம் டயமண்ட் சந்தா எடுத்து, சர்வதேசப் பட்டமும் வாங்கித் தருகிறோம்” என்று ஒரு பயிற்சி மையத்தினர் ஆண்டுக்கு 24,000 ரூபாய் கேட்கிறார்கள். 3,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா.

லிசெஸில் புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் தொடக்க எண் 1500தான். குதிரை எப்படி நகரும் என்று தெரியாதவர் சேர்ந்தாலும் அதே 1500. உங்கள் மகனின் எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய கேள்விக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இவனுடைய பலத்தைத் தளம் இன்னும் கணிக்கவில்லை என்று பொருள். போதுமான ஆட்டங்கள் ஆடியதும் அது மறைந்துவிடும். அதற்குள் எண் 1000க்குக் கீழேகூட இறங்கலாம். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அது இயல்பு. அந்த இறக்கத்தைக் காட்டிப் பயமுறுத்தி ‘சிறப்பு வகுப்பு’ விற்க வருபவர்களும் இதே ஆட்கள்தான்.

ஃபிடே ரேட்டிங்கின் கீழ்வரம்பு 2024 மார்ச் முதல் 1400 என்பது உண்மை. ஆனால் அது வேறு கணக்கு. போட்டி அரங்கில், நடுவர் முன்னிலையில், பலகையில் ஆட வேண்டும். ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது ஐந்து ஆட்டங்கள் ஆடிய பிறகே முதல் ரேட்டிங் வரும். வீட்டில் கைப்பேசியில் ஆயிரம் ஆட்டம் வென்றாலும் இந்தக் கணக்கில் அது பூஜ்யம்.

‘சர்வதேசப் பட்டம்’ என்பதைத்தான் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் அது முழுப் பொய் இல்லை. ஃபிடேவின் பெயரிலேயே ஓர் அதிகாரபூர்வ ஆன்லைன் அரங்கம் உண்டு. அதில் சந்தா கட்டி ஆடி, அங்கேயே தரப்படும் ரேட்டிங்கில் குறிப்பிட்ட அளவை எட்டினால், ‘அரீனா கேண்டிடேட் மாஸ்டர்’ முதல் ‘அரீனா கிராண்ட்மாஸ்டர்’ வரை பட்டம் தருவார்கள். கொடுப்பது ஃபிடேதான், சான்றிதழும் உண்மையானதுதான். ஆனால் பெயரின் முன்னால் ‘அரீனா’ இருக்கிறது பாருங்கள், சூட்சுமம் அங்கேதான். குகேஷும் பிரக்ஞானந்தாவும் வைத்திருக்கிற கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்குப் பலகையில் 2500 ரேட்டிங்கைத் தொட வேண்டும், கடுமையான போட்டிகளில் நார்ம்களும் (பட்டத்துக்குரிய தரத்தில் ஆடியதற்கான அங்கீகாரம்) பெற வேண்டும். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சில மையங்கள் விளம்பரப் பலகையில் ‘அரீனா’வைக் கடுகளவு எழுத்தில் போட்டு, ‘கிராண்ட்மாஸ்டர்’ என்பதை ஆள் உயரத்துக்கு எழுதுகின்றன. பையன் ஆசைப்பட்டு ஆடினால் ஆடட்டும், தவறில்லை. அதற்காக இடையில் ஒருவருக்குக் கமிஷன் எதற்கு?

சந்தா விஷயம் இன்னும் எளிது. லிசெஸ் நன்கொடையில் நடக்கும் லாப நோக்கமற்ற தளம். புதிர்கள், பாடங்கள், ஆடி முடித்த ஆட்டத்தின் அலசல் எல்லாமே இலவசம், விளம்பரமும் கிடையாது. செஸ்.காம் தளத்தில் இலவசமாக எத்தனை ஆட்டம் வேண்டுமானாலும் ஆடலாம். ஒரு நாளைக்கு இத்தனை புதிர், இத்தனை அலசல் என்றுதான் வரம்பு. எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வரம்பே தாராளம். டயமண்ட் சந்தா எதற்கு?

செய்ய வேண்டியது இதுதான். லிசெஸ் அமைப்புகளில் ‘கிட் மோடு’ இருக்கும், அதை இயக்கிவிடுங்கள். முகம் தெரியாதவர்கள் அனுப்பும் செய்திகள் வராது. ஆளுக்கு 15 நிமிடம், நகர்த்தலுக்கு 10 விநாடி கூடுதல் என்று நேரம் வைத்து, நாளைக்கு ஓர் ஆட்டம் ஆடட்டும். மூன்று நிமிட பிளிட்ஸ் எனும் அதிவேக ஆட்டம் இப்போதைக்கு வேண்டாம், அது யோசிக்கும் பழக்கத்தைக் கெடுக்கும். தோற்ற ஆட்டத்தில் எங்கே தவறினோம் என்று முதலில் அவனே தேடட்டும், என்ஜினை (சரியான நகர்த்தலைக் கணித்துச் சொல்லும் கணினி நிரல்) அதன் பிறகு திறக்கலாம். குகேஷையே அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா பல ஆண்டுகள் என்ஜின் பக்கம் விடாமல்தான் வளர்த்தார்.

ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, “யானையை எடுடா” என்று யாரும் சொல்லித் தரக் கூடாது, அப்பாவாக இருந்தாலும் சரி. அது விதிமீறல். கணக்கையே முடக்குவார்கள். பயிற்சி மையத்திடம் கடவுச்சொல்லைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பையன் பெயரில் வேறு யாராவது ஆடி ரேட்டிங்கை ஏற்றிக் காட்டுவதும் நடக்கிறது.

உண்மையான ரேட்டிங் வேண்டுமானால், அகில இந்திய செஸ் கூட்டமைப்பின் தளத்தில் நீங்களே பதிவு செய்யலாம். ஃபிடே அடையாள எண்ணும் கூட்டமைப்பு வழியாகத்தான் வரும், எந்த மையமும் அதை விற்க முடியாது. பதிவு, புதுப்பிப்பு, மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம், போட்டி நுழைவுக் கட்டணம் என்று அலைக்கழிப்பு இருக்கும், அதை மறுக்கவில்லை. 2022இல் மாமல்லபுரம் ஒலிம்பியாடுக்காக நேப்பியர் பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம் தீட்டினார்கள். இந்த நடைமுறையை ஒரே தாளில் எளிய தமிழில் அச்சிட்டுப் பள்ளிக்குப் பள்ளி கொடுத்திருந்தால், உங்களிடம் வந்த ஆளுக்குப் பிழைப்பே இருந்திருக்காது.

முன்பணத்துக்கு வருவோம். ரசீது இருக்கிறதா? வகுப்பு இன்னும் தொடங்கவில்லை என்றால் ‘சேர விருப்பமில்லை, பணத்தைத் திருப்பித் தரவும்’ என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கேளுங்கள், தொலைபேசியில் பேசி முடிக்காதீர்கள். ரேட்டிங் பற்றியும் பட்டம் பற்றியும் அவர்கள் அனுப்பிய செய்திகளை அழிக்காதீர்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியுங்கள்.