மகன் மானிட்டர் கேட்கிறான், வாங்கித் தரலாமா?

களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகன் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கல்யாண வீடியோ எடிட் செய்து கைச்செலவுக்குக் கொஞ்சம் சம்பாதிக்கவும் செய்கிறான். இப்போது 27 இஞ்ச் 4கே மானிட்டர் வேண்டும், முப்பதாயிரத்துக்கு மேல் ஆகும் என்கிறானாம். "லேப்டாப் வாங்கிக் கொடுத்தே ரொம்ப நாள் ஆகவில்லை. ரப்பர் ஷீட் விலை இருக்கிற இருப்பில் இது தேவைதானா? இல்லை, கேம் விளையாடத்தான் கேட்கிறானா?" என்பது அவருடைய கேள்வி.

அம்மா, தனி மானிட்டர் கேட்பது ஆடம்பரம் இல்லை. ஆனால் அவன் சொல்கிற மானிட்டர் இப்போது வேண்டாம். எந்த மானிட்டரையும் வாங்கும் முன் ஒரு மாதத்துக்கு உங்கள் வீட்டு டிவியே போதும்.

அவன் வேலை செய்யும்போது பின்னால் போய் நின்று பாருங்கள். திரையின் கீழ்ப்பாதியை டைம்லைன், அதாவது ஷாட்களை வரிசையாக அடுக்கும் பட்டை, அடைத்துக்கொண்டிருக்கும். இடது பக்கம் ஃபுட்டேஜ் (கேமராவில் எடுத்தது) வரிசை, எஃபெக்ட்ஸ் பட்டியல். இதெல்லாம் போக, ஓடுகிற படம் உள்ளங்கை அளவுக்குத்தான் தெரியும். ஃபுல் எச்டி படம் என்றால் 1920-க்கு 1080 புள்ளிகள். விலை குறைந்த லேப்டாப்கள் பலவற்றில் திரையே 1366-க்கு 768தான், அதாவது ஏறக்குறைய பாதிப் புள்ளிகள். அந்தத் திரையில் ஒரு மூலையில் ஓடும் படத்தில் என்ன தப்பு கண்ணுக்குப் படும்? பெண்ணின் முகத்தில் ஃபோகஸ் ஒரு மயிரிழை விலகியிருக்கும், தெரியாது. இரண்டு ஷாட்டுக்கு நடுவே ஒரே ஒரு கறுப்பு ஃபிரேம் (வீடியோவின் ஒற்றைப் படம்) மாட்டிக்கொண்டிருக்கும், தெரியாது. மண்டபத்து இருட்டில் எடுத்த ஷாட்டில் புழுதி மாதிரிப் புள்ளிகள் கொதிக்கும், அதுவும் தெரியாது. வேலை கொடுத்த பார்ட்டி அதை வீட்டு 55 இஞ்ச் டிவியில் போட்டு, சித்தி, மாமா எல்லாரும் உட்கார்ந்து பார்க்கும்போது ஒவ்வொன்றாக வெளியே வரும். ஸ்டுடியோவுக்கு வருகிற "திருத்தித் தாங்க" போன்களில் கணிசமானவை இப்படிப்பட்டவைதான்.

அதனால்தான் டிவியில் ஆரம்பிக்கச் சொல்கிறேன். தேவை ஒரு எச்டிஎம்ஐ கேபிள் மட்டும், சில நூறு ரூபாய். லேப்டாப்பையும் டிவியையும் இணைத்து, விண்டோஸ் கீயோடு பி-யை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' கொடுத்தால் டிவி இரண்டாவது திரையாகிவிடும். அவன் பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் சாஃப்ட்வேர் பயன்படுத்துகிறான் என்றால் பிரிஃபரன்சஸில் பிளேபேக் பகுதிக்குப் போய் 'மெர்குரி டிரான்ஸ்மிட்' என்பதை டிக் செய்து, கீழே டிவியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். டைம்லைன் லேப்டாப்பில் இருக்கும், படம் மட்டும் டிவி முழுக்க ஓடும்.

முதல் நாளே சில தொல்லைகள் வரும், பயப்பட வேண்டாம். படத்தின் ஓரம் நாலு பக்கமும் வெட்டுப்பட்டது போல் இருந்தால் டிவி படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டுகிறது என்று அர்த்தம். டிவி மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று ஏதாவது ஒன்று இருக்கும், அதைப் போட்டால் சரியாகிவிடும். சத்தம் லேப்டாப்பில் வராமல் டிவிக்கு ஓடிவிடும், அதை சவுண்ட் செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம். 'விவிட்' மாதிரியான பளபளப்பு மோடையும், அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அவன் பார்ப்பது அவன் எடிட் செய்த படம் இல்லை, டிவி தன் இஷ்டத்துக்குப் பூசி மெழுகிய படம். கறுப்பு சாம்பல் நிறமாக வெளுத்துத் தெரிந்தால், கிராஃபிக்ஸ் செட்டிங்கில் அவுட்புட் 'லிமிடெட்' என்று ஒரு பக்கமும், டிவியில் 'ஃபுல்' என்று மறுபக்கமும் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இன்னொன்று பையன்களுக்கே பலருக்குத் தெரிவதில்லை. நம் ஊரில் பல ஸ்டுடியோக்கள் நொடிக்கு 25 ஃபிரேமில் எடுக்கின்றன. லேப்டாப்போ 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 தடவை, படத்தை அனுப்பும். 60-ஐ 25-ஆல் வகுத்தால் முழு எண் வராது. அதனால் சில ஃபிரேம் இரண்டு தடவையும் சில ஃபிரேம் மூன்று தடவையும் காட்டப்படும். கேமரா மெதுவாக மண்டபத்தைச் சுற்றிக் காட்டும் ஷாட்டில் ஒரு சின்ன இழுப்பு தெரிவது அதனால்தான். டிஸ்பிளே செட்டிங்கில் 50 ஹெர்ட்ஸ் இருந்தால் அதைப் போட்டுப் பார்க்கட்டும், இழுப்பு போய்விடும். அப்படியே படம் மங்கலாக இருக்கிறது என்று டிவியைக் குறை சொன்னால், எடிட்டிங் சாஃப்ட்வேரில் படம் ஓடும் தெளிவை, அதாவது பிளேபேக் ரெசல்யூஷனை, 'ஹாஃப்' அல்லது 'குவார்ட்டர்' என்று வைத்திருக்கிறானா என்று கேளுங்கள். லேப்டாப் திணறாமல் இருக்க அப்படி வைப்பது வழக்கம்தான். ஆனால் ஃபோகஸ் பார்க்கும்போது 'ஃபுல்' போட்டு நிறுத்திப் பார்க்க வேண்டும், அல்லது எக்ஸ்போர்ட் செய்த ஃபைலைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்துக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. ஐப்பசி மாதத்து மத்தியான இடியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டிஷ் கேபிள் வழியாக டிவிக்குள் இறங்கும் மின்சாரம் எச்டிஎம்ஐ வழியாக லேப்டாப்பையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். வானம் இருண்டால் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, டிஷ் கேபிளையும் எச்டிஎம்ஐ கேபிளையும் கழற்றிவிட வேண்டும்.

இனி உங்கள் பங்கு. அவன் முடித்த ஒரு கல்யாண ஹைலைட்ஸை (சுருக்க வீடியோவை) டிவியில் போடச் சொல்லி, சோபாவில் உட்கார்ந்து முழுசாகப் பாருங்கள். நடுவில் ஒன்றும் பேச வேண்டாம், பாராட்டவும் வேண்டாம். அவனைப் படத்தைப் பார்க்க விடாமல் உங்கள் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் நீங்கள் போனை எடுத்தீர்கள், எந்த இடத்தில் "இது யாரு?" என்று கேட்க வாய் திறந்தீர்கள் என்பதை அவன் குறித்துக்கொள்ளட்டும். பிறகு அந்த இடங்களை மாற்றுகிறானா, அல்லது "உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறானா என்று பாருங்கள். கேம் ஆடக் கேட்கிறானா, வேலைக்குக் கேட்கிறானா என்ற உங்கள் சந்தேகத்துக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். உட்கார்ந்து திருத்துகிற பையன் இந்தத் தொழிலில் நிற்பான்.

ஒரு மாதம் கழித்து, டிவி ஹாலில் இருக்கிறது, சீரியல் நேரத்தில் வேலை செய்ய முடியவில்லை என்று அவன் முனகினால், அது நியாயம். அப்போது வாங்குங்கள். 24 இஞ்ச், ஃபுல் எச்டி, ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை), பெட்டியில் எஸ்ஆர்ஜிபி (திரை காட்டும் நிறங்களுக்கான பொது அளவுகோல்) 99 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று போட்டிருப்பது. சுமார் பத்தாயிரத்துக்குள் கிடைக்கும். வளைந்த திரை, 165 ஹெர்ட்ஸ், கலர் லைட் எல்லாம் விளையாடுகிறவர்களுக்கு. 4கே என்பது ஃபுல் எச்டியைப் போல நான்கு மடங்கு புள்ளிகள். எச்டிஎம்ஐ 1.4 போர்ட் உள்ள லேப்டாப் அதை 30 ஹெர்ட்ஸுக்கு மேல் அனுப்பாது, மவுஸ் நகர்வதே தயங்கித் தயங்கித் தெரியும். ஃபுட்டேஜ் 4கேயில் இருந்தாலும் ஃபுல் எச்டி டைம்லைனில் வேலை செய்யலாம். மிச்சமாகும் காசில் லேப்டாப்பில் ரேம் எட்டு ஜிபிதான் என்றால் பதினாறாக்குங்கள், ஹார்ட் டிஸ்க் என்றால் எஸ்எஸ்டி போடுங்கள். எனக்கு விட்டால் மானிட்டருக்கு முன்னாலேயே இதைத்தான் செய்யச் சொல்வேன்.

வேலை கிடைக்குமா என்று கடிதத்தின் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். மார்த்தாண்டம், நாகர்கோவில் ஸ்டுடியோக்களில் முகூர்த்த மாதங்களில் ஆள் தேவைப்படும், மற்ற மாதங்களில் கை காயும். ஆனால் உங்கள் மகனுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. எல்லையில் வளர்ந்தவன், தமிழும் மலையாளமும் காதில் சமமாக விழும். பேட்டியை எடிட் செய்கிறவனுக்கு வாக்கியம் எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும், மொழி தெரியாதவன் அங்கே கத்தரி வைக்க முடியாது. பாறசாலையைத் தாண்டினால் திருவனந்தபுரம், அங்கே மலையாளச் சேனல்கள் இருக்கின்றன. திருவல்லத்தில் சித்ராஞ்சலி ஸ்டுடியோ இருக்கிறது. கேரள அரசின் சி-டிட் நிறுவனம் ஊடகப் படிப்புகள் நடத்துகிறது. முறையாகப் படிக்க விரும்பினால் சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் படத்தொகுப்புக்கென்றே பட்டப்படிப்பு உண்டு. பட்டம் முடித்த பிறகு என்றால் கோட்டயத்தில் கே.ஆர். நாராயணன் பெயரிலான நிறுவனமும், புனே திரைப்படக் கல்லூரியும் இருக்கின்றன. தேதி, கட்டணம் வருடா வருடம் மாறும், அவர்கள் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் "என்ன செய்திருக்கிறாய், காட்டு" என்பார்கள். அதற்கு இந்த வருடமே மூன்று நல்ல வீடியோ தயாராகட்டும். அதில் ஒன்றாவது கல்யாணம் அல்லாததாக இருக்கட்டும், ரப்பர் பால் எடுப்பதைக் கூட எடுக்கலாம்.

கடைக்குப் போகும்போது லேப்டாப்பையும், பென் டிரைவில் அவன் எடிட் செய்த ஒரு ஃபைலையும் கொண்டுபோங்கள். அவன் வைத்திருக்கும் டைப்-சி போர்ட் படத்தை அனுப்புமா என்பது மாடலுக்கு மாடல் மாறும், சொருகிப் பார்த்தால்தான் தெரியும். மண்டபத்து இருட்டு ஷாட்டை ஓடவிட்டு மூலைகளில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். முழு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டு, செத்த புள்ளி ஏதாவது கறுப்பாக நிற்கிறதா என்று தேடுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்துவார். பில் போடுவதற்கு முன்பே இதெல்லாம் முடியட்டும்.