போட்ட சாலை மூன்றே மாதத்தில் பெயர்ந்துவிட்டது. ஊழல் என்று எப்படிக் காட்டுவது?

உங்கள் ஊராட்சிச் சாலை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். தகவல் உரிமை மனுவில் "ஊழல் நடந்ததா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அது தகவல் இல்லை, அபிப்பிராயம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். காகிதத்தைக் கேளுங்கள்: எஸ்டிமேட், பணி ஆணை, பில், தரப் பரிசோதனை அறிக்கை. எல்லாவற்றையும்விட முக்கியம் எம் புக், அதாவது அளவுப் புத்தகம். அதில் எழுதியிருக்கும் நீளம், அகலம், கனத்தை வைத்துத்தான் கான்ட்ராக்டருக்குப் பணம் போகிறது.

சாலைப் பெயர், ஆண்டு, திட்டம் மூன்றையும் எழுதி, ஒரே ஒரு சாலைக்குக் கேளுங்கள். ஊராட்சி ஒன்றியத்தின் பத்து வருடக் கணக்கையும் கேட்டால், திரட்டித் தர அலுவலக உழைப்பு அளவுக்கு மீறி வீணாகும் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 7(9) பிரிவைக் காட்டி இழுத்தடிக்க வழி கிடைத்துவிடும். மாநில அரசு அலுவலகத்துக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்புகையோடு தபாலில் அனுப்பலாம். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன்பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். பதில் தர வேண்டிய 30 நாள் கெடுவை அலுவலகம் தாண்டிவிட்டால் நகலுக்குக் காசு கேட்கக் கூடாது.

எம் புக் நகல் கையில் வந்ததும் ஸ்டீல் ஸ்கேலோடு போங்கள். ஏற்கெனவே பெயர்ந்து கிடக்கும் ஓரத்தில் தார் அடுக்கு, ஜல்லி அடுக்கு இரண்டின் கனமும் கண்ணுக்கே தெரியும். ஸ்கேலை நிறுத்திப் படம் எடுங்கள். உதாரணத்துக்கு, 1 கிலோமீட்டர் நீளம், 3.75 மீட்டர் அகலம், 75 மில்லிமீட்டர் ஜல்லி அடுக்கு என்று எழுதியிருந்தால் 281 கன மீட்டர். நெடுகிலும் 50 மில்லிமீட்டர்தான் இருக்கிறது என்றால் சுமார் 94 கன மீட்டர் ஜல்லி காகிதத்தில் மட்டும் இருக்கிறது. பழைய சாலையின் அடித்தளத்தையே புதிதாகப் போட்டதாக எழுதுவதும் உண்டு. பழைய எம் புக்கையும் சேர்த்துக் கேட்டால் அது வெளியே வரும்.

கடப்பாரையால் நீங்களே தோண்டாதீர்கள். பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக உங்கள் மேலேயே வழக்கு வரும். பணியை நேரில் பார்வையிடவும், சாலைப் பொருளின் சான்றளித்த மாதிரி எடுக்கவும் அதே சட்டத்தின் 2(ஜே) பிரிவில் உரிமை இருக்கிறது. அதன்படி மனுப் போட்டு, இன்ஜினீயர் முன்னிலையில் எடுங்கள்.

பெயர்ந்த சாலை எல்லாம் ஊழல்தான் என்று நான் சொல்லவில்லை. இன்ஜினீயர்கள் சண்டைக்கு வரவேண்டாம். வடிகால் இல்லாமல் தண்ணீர் நின்றால் நல்ல சாலையும் போய்விடும். அதனால்தான் கனத்தை அளக்கச் சொல்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் வயிற்றெரிச்சல்: தேசிய நெடுஞ்சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய இன்ஜினீயர் சத்யேந்திர துபே, தன் பெயரை வெளியிட வேண்டாம் என்றுதான் கேட்டிருந்தார். பெயரோடே கடிதம் சுற்றியது. 2003 நவம்பரில் பீகாரின் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். தகவல் தருவோரைக் காக்கும் சட்டம் 2014-ல் நிறைவேறியும் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே தனியாளாக மனுப் போடாதீர்கள். நாலைந்து பேர் தனித்தனியாக ஒரே மனுவைப் போடுங்கள்.

அளவு வித்தியாசத்தை அடுத்த கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். முதலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்ளும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. எழுதி, வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். அந்தப் பக்கத்தை அங்கேயே போனில் படம் எடுத்துவிடுங்கள்.