கேளுங்க, சொல்றேன்: குளோசேவுக்கு மட்டும் ஏன் கட்அவுட் இல்லை?

போன இதழில் உலகக் கோப்பையில் அதிக கோல் அடித்தவர்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். மெஸ்ஸி ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று தயாராக உட்கார்ந்திருந்தால், வந்த கடிதங்களில் பாதி ஜெர்மனியின் மிரோஸ்லாவ் குளோசே பற்றி. யாருப்பா இந்த ஆள், 16 கோல் அடித்திருக்கிறாராமே என்கிற தொனி. சரி, இந்த முறை முழுக்க அவர்தான். சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் பார்ப்போம்.

கே: உலகக் கோப்பை வந்தால் எங்கள் தெருவில் மெஸ்ஸி, நெய்மர், ரொனால்டோ என்று பேனர் கட்டுகிறார்கள். குளோசே ஆடிய காலத்திலும் அவருக்கு ஒரு சின்ன போஸ்டர்கூட ஒட்டி நான் பார்த்ததில்லை. ஏன்? (நாகர்கோவில்)

ப: அவர் அடித்த கோல்களை ஒருமுறை வரிசையாகப் போட்டுப் பாருங்கள், பதில் அதிலேயே இருக்கிறது. பதினாறும் பெனால்டி பாக்ஸுக்குள்ளிருந்து அடித்தவை. முப்பது கஜத்திலிருந்து வளைந்து போய் மூலையில் விழுந்தது, நாலு பேரை ஏமாற்றிக் கடந்து போய் அடித்தது என்று ஒன்றுகூடக் கிடையாது. பெனால்டியும் ஒன்றும் இல்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2014 பிரேசில் உலகக் கோப்பையில் கானாவோடு ஆடிய ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். நமக்கு நடுராத்திரி பன்னிரண்டரை மணி. ஜெர்மனி 1-2 என்று பின்தங்கி நிற்கிறது. 69-வது நிமிடம் குளோசேவை இறக்குகிறார்கள். இரண்டு நிமிடம்தான். டோனி குரோஸ் கார்னர் அடிக்கிறார், ஹோவெடஸ் தலையால் முட்டுகிறார், பந்து கோலைத் தாண்டி வெளியே போகிற மாதிரிதான் இருக்கிறது, அந்தப் பக்கத்துக் கம்பத்தருகே குளோசே தரையில் சறுக்கிக்கொண்டு வந்து காலை நீட்டுகிறார். அவ்வளவுதான். அடித்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, பந்து போகிற வழியில் கால் இருந்தது. 2-2. உலகக் கோப்பையில் அவருக்கு 15-வது கோல், பிரேசிலின் ரொனால்டோவுக்குச் சமம். சந்தோஷத்தில் தன் வழக்கமான குட்டிக்கரணம் போட்டார், 36 வயது ஆகிவிட்டதா, காலில் நிற்காமல் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கோலைவிட அதைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்த்தோம்.

இதை ரீல்ஸாக வெட்டினால் மூன்று நொடிகூடத் தேறாது. பந்து வருவதற்கு முன்னால் அவர் எங்கே நின்றார், எந்த டிஃபெண்டரின் முதுகுக்குப் பின்னால் போனார், எப்போது ஓட ஆரம்பித்தார் என்பதில்தான் அவர் ஆட்டமே இருந்தது. கேமரா பந்தோடு போய்விடும். இப்படிப்பட்ட ஆளுக்கு எந்த போஸை வைத்து கட்அவுட் செய்வது, சொல்லுங்கள்.

கே: ஜெர்மன் கிளப்பான பேயர்ன் மியூனிக்கில் பெஞ்சில் உட்கார்ந்தவர், நாட்டுக்காக ஆடும்போது மட்டும் எப்படி இவ்வளவு கோல் அடித்தார்? அதிர்ஷ்டமா? (வியாசர்பாடி, சென்னை)

ப: நல்ல கேள்வி. இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

குளோசே 1978-இல் போலந்தில் ஓபோலே என்ற ஊரில் பிறந்தவர். அப்பா தொழில்முறைக் கால்பந்து வீரர், பிரான்ஸில் ஆக்ஸேர் கிளப்புக்கெல்லாம் ஆடியவர். அம்மா போலந்து ஹேண்ட்பால் அணி வீராங்கனை. குடும்பம் ஜெர்மனியில் கூசெல் என்ற சின்ன ஊருக்குக் குடிவந்தபோது பையனுக்கு எட்டு வயசு, ஜெர்மன் மொழி சுத்தமாகத் தெரியாது. வளர்ந்து தச்சு வேலை கற்றுக்கொண்டார், கூரைக்கு மரச்சட்டம் ஏற்றுகிற வேலை. இருபது வயது வரைக்கும் அவர் ஆடியது ஊர்ப் பக்கத்து கிளப்பில், ஏழாவது டிவிஷனில். இன்றைக்கு அந்த வயசில் உலகக் கோப்பையே ஜெயித்துவிடுகிறார்கள்!

அங்கிருந்து ஹோம்பர்க், அப்புறம் கைசர்ஸ்லவ்டர்ன். 2000-இல் ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான புண்டஸ்லிகாவில் முதல் ஆட்டம். 2001 மார்ச்சில் அல்பேனியாவுக்கு எதிராக ஜெர்மனிக்காக முதல்முறை சப்ஸ்டிடியூட்டாக இறங்கி, கடைசி நேரத்தில் வெற்றி கோல் அடித்தார். 2004-இல் வெர்டர் பிரேமன். கிளப் வாழ்க்கையில் அவருடைய உச்சம் அதுதான் என்பது என் கட்சி: 2005-06 சீசனில் 25 கோல், லீக்கிலேயே முதலிடம். பின்னாலிருந்து மிகூ மாதிரி ஒரு ஆள் பந்து கொடுக்க, இவர் ஓடிக்கொண்டே இருந்தார்.

2007-இல் பேயர்ன் போனார். முதல் வருஷமே லீக், கோப்பை இரண்டும் கிடைத்தன. அப்புறம்தான் கஷ்டம். லூயி வான் ஹால் பயிற்சியாளராக வந்த பிறகு முன்வரிசையில் ஓலிச், கோமெஸ், தாமஸ் முல்லர் என்று நெரிசல். 2009-10 சீசனில் புண்டஸ்லிகாவில் குளோசே அடித்தது மூன்றே கோல். மூன்று! அந்தக் கோடையில் அவரை 2010 உலகக் கோப்பைக்குத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்துப் போகலாமா என்று ஜெர்மனியில் பலத்த வாக்குவாதம். ஜெர்மனி அணியின் பயிற்சியாளர் யோவாகிம் லோவ் காதில் வாங்கவே இல்லை. அங்கே போய் ஐந்து ஆட்டத்தில் நாலு கோல் அடித்தார், அதில் இரண்டு அர்ஜென்டினாவுக்கு எதிராக, அதுவும் நாட்டுக்காக ஆடிய நூறாவது ஆட்டத்தில். திரும்பி பேயர்னுக்கு வந்தார், அடுத்த லீக் சீசனில் ஒரே ஒரு கோல்.

அதிர்ஷ்டம் பன்னிரண்டு வருஷம் தொடர்ந்து வராது. பேயர்னில் அவர் சிலரில் ஒருவர், வாராவாரம் தன் இடத்துக்காகப் போட்டி போட வேண்டியவர். லோவின் அணியில் அவரைச் சுற்றித்தான் ஓட்டமே அமைந்தது. அவர் டிஃபெண்டரை இழுத்துக்கொண்டு ஒரு பக்கம் போனால் அந்த இடைவெளியில் முல்லரோ ஒசிலோ பொடோல்ஸ்கியோ நுழைவார்கள், அவர்கள் போனால் இவர் நுழைவார். பழகிய கை சமையலறைக்குள் இருட்டிலும் உப்பு டப்பாவை எடுக்கிற மாதிரி. மற்றபடி பேயர்னில் அவர் ஆடியதே தப்பு என்று சொல்ல மாட்டேன், சம்பளம் நன்றாகவே கொடுத்திருப்பார்கள்.

2011-இல் இத்தாலியின் லாட்சியோவுக்குப் போனார், 33 வயது. முடிந்தது கதை என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். வந்த சில மாதத்தில் அதே ஊர் ரோமா அணிக்கு எதிரான டெர்பியில், 90 நிமிடம் முடிந்து ரெஃப்ரி சேர்த்துக் கொடுத்த நேரத்தில் வெற்றி கோல் அடித்து அந்த ஊர் ஜனங்களைச் சொந்தமாக்கிக்கொண்டார். 2013 மே மாதம் போலோன்யாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல். அதே மாதம் இத்தாலியக் கோப்பையான கோப்பா இத்தாலியா இறுதியில் ரோமாவை 1-0 என்று ஜெயித்தார்கள். 2016 வரை அங்கேயே ஆடி முடித்தார்.

கே: சவூதி அரேபியாவை 8-0 என்று அடித்த ஆட்டத்தில் மூன்று கோல். இப்படிச் சேர்த்த சாதனை என்ன பெரிய சாதனை? (மன்னார்)

ப: கணக்குப் போட்டே பேசுவோம். 2002-இல் ஐந்து கோல், ஐந்தும் தலையால். மூன்று சவூதிக்கு, ஒன்று அயர்லாந்துக்கு, ஒன்று கேமரூனுக்கு. எல்லாம் குரூப் சுற்றில். நாக்அவுட்டில் நாலு ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை. யோகோஹாமாவில் நடந்த இறுதிப் போட்டியில் பிரேசிலின் ரொனால்டோ இரண்டு போட்டு கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார், நம்ம ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த உலகக் கோப்பையோடு நிறுத்தியிருந்தால் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்வேன்.

2006 சொந்த மண்ணில் ஐந்து கோல், அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி. முதல் ஆட்டமே அவருடைய 28-வது பிறந்தநாள், கோஸ்டாரிகாவுக்கு எதிராக இரண்டு. ஆனால் நான் மறக்காதது காலிறுதி. அர்ஜென்டினா 1-0 என்று முன்னால் நிற்கிறது, 80-வது நிமிடம், இடது பக்கத்திலிருந்து பாலாக் தூக்கிப் போடுகிறார், போரோவ்ஸ்கி தலையால் லேசாகத் திருப்பிவிடுகிறார், குளோசே பாய்ந்து தாழ்வாக முட்டுகிறார், கோல். பெனால்டி ஷூட்அவுட்டில் ஜெர்மனி ஜெயித்தது. 2010-இல் நாலு கோலில் மூன்று நாக்அவுட்டில். இங்கிலாந்துக்கு எதிரான கோலில் ஜெர்மனி கோல் கீப்பர் நோயர் தன் கோலிலிருந்து உதைத்த பந்து நேராக மறு பாக்ஸ் வரைக்கும் வருகிறது, டிஃபெண்டர் அப்சன் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கூடவே ஓடுகிறார், விழப்போகிற நிலையில் குளோசே காலை நீட்டித் தட்டிவிடுகிறார்.

மொத்தத்தில் குரூப் சுற்றில் 11, நாக்அவுட்டில் 5. சவூதிக்கு அடித்த மூன்றைத் தள்ளிவிட்டாலும் 13 மிஞ்சும். பிரான்ஸின் ஜுஸ்ட் ஃபோன்டேன் மொத்தமே 13. அவர் அதை ஆறே ஆட்டத்தில் அடித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதற்கு ஒரு கடிதம் வரும். ஜெர்மனியின் பழைய ஸ்ட்ரைக்கர் கெர்ட் முல்லர் 13 ஆட்டத்தில் 14. குளோசேவுக்கு 24 ஆட்டம் தேவைப்பட்டது. ஆட்டத்துக்கு இத்தனை கோல் என்று வகுத்தால் குளோசே முதலிடம் கிடையாது. ஜெர்மனிக்காகவும் 137 ஆட்டத்தில் 71 கோல், கெர்ட் முல்லர் 62 ஆட்டத்திலேயே 68. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் நாலு உலகக் கோப்பை, நாலிலும் அரையிறுதி வரை. அப்புறம் இதையும் கேளுங்கள்: குளோசே கோல் அடித்த எந்த ஆட்டத்திலும் ஜெர்மனி தோற்றதில்லை.

கே: ரொனால்டோவா, குளோசேவா? பிரேசில் ரொனால்டோவைச் சொல்கிறேன். (திருச்சி)

ப: டிக்கெட் எடுத்துப் பார்க்க ரொனால்டோ. என் அணிக்கு எடுக்கவும் ரொனால்டோதான். கடைசி நிமிடத்தில் கார்னர் கிடைத்தால் மட்டும் குளோசே.

கே: பிறந்தது போலந்து, ஆடியது ஜெர்மனி. போலந்துக்காரர்களுக்குக் கோபம் இல்லையா? (திருப்பூர்)

ப: இல்லாமல் இருக்குமா? போலந்தின் பயிற்சியாளர் எங்கெல் அவரைத் தன் பக்கம் இழுக்க முயன்றார். ஜெர்மனிக்கு ஆடவே ஆசை என்று குளோசே சொல்லிவிட்டார். 2008 யூரோவில் இரண்டு நாடுகளும் மோதியபோது 2-0 என்று ஜெர்மனி ஜெயித்தது, இரண்டையும் அடித்தவர் பொடோல்ஸ்கி, அவரும் போலந்தில் பிறந்தவர்தான். முதல் கோலுக்குப் பந்தைத் தள்ளிவிட்டது குளோசே. பொடோல்ஸ்கி கோலைக் கொண்டாடவில்லை.

கே: நியாயஸ்தர் என்று எழுதியிருந்தீர்கள். ஸ்ட்ரைக்கரும் நியாயமும் ஒத்துவருமா? (தூத்தூர்)

ப: இரண்டு சம்பவம். 2005-இல் பிரேமனுக்கு ஆடும்போது பீலஃபெல்டுக்கு எதிராக அவருக்கு ஒரு பெனால்டி கொடுத்தார் ரெஃப்ரி. கோல் கீப்பர் முதலில் பந்தைத்தான் தொட்டார் என்று குளோசேவே போய்ச் சொல்ல, பெனால்டி ரத்து. இரண்டாவது 2012 செப்டம்பர், லாட்சியோவும் நாப்போலியும். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கார்னரில் பந்து அவர் கையில் பட்டு உள்ளே போனது. ரெஃப்ரி கோல் என்று கை காட்டிவிட்டார். நாப்போலி வீரர்கள் சூழ்ந்துகொண்டு கத்துகிறார்கள். குளோசே, ஆமாம் கையில்தான் பட்டது என்று ஒத்துக்கொண்டார். கோல் போச்சு. அந்த ஆட்டம் எப்படி முடிந்தது தெரியுமா? கவானி மூன்று கோல் போட்டு நாப்போலி 3-0. அன்று ராத்திரி லாட்சியோ ரசிகர்கள் வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

கே: 7-1 ஆட்டத்தைப் பார்த்தீர்களா? (கோவை)

ப: பார்த்தேன், பார்க்கவும் இல்லை. பிரேசிலை ஜெர்மனி 7-1 என்று அடித்த உலகக் கோப்பை அரையிறுதி, அங்கே 2014 ஜூலை 8, நமக்கு மறுநாள் விடியற்காலை ஒன்றரை மணி. 23-வது நிமிடம், குளோசே அடித்த முதல் பந்தை பிரேசில் கோல் கீப்பர் ஜூலியோ செசார் தடுத்தார், திரும்பி அவர் காலுக்கே வந்தது, மறுபடி அடித்தார். 16-வது கோல். ரொனால்டோவின் சாதனை ரொனால்டோ நாட்டிலேயே முறிந்தது. ஆகா என்று எழுந்து அடுப்படிக்குப் போய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் 5-0. டிவி கெட்டுவிட்டது, பழைய கோலையே காட்டுகிறது என்று நினைத்தேன். இறுதிப் போட்டியில் 88-வது நிமிடம் குளோசேவை எடுத்துவிட்டு கோட்சேவை இறக்கினார்கள், கூடுதல் நேரத்தில் கோட்சேதான் கோல் அடித்தார். அடுத்த மாதமே குளோசே சர்வதேச ஆட்டங்களிலிருந்து விலகிக்கொண்டார்.

கே: என் பையனுக்கு 13 வயது. தலையால் அடிக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிறான். குளோசே மாதிரி ஆக என்ன செய்ய வேண்டும்? (புதுச்சேரி)

ப: குளோசே ஆவது இருக்கட்டும், முதலில் பயம் போகட்டும். நிஜப் பந்தில் ஆரம்பிக்காதீர்கள், காற்று குறைவான பிளாஸ்டிக் பந்து போதும். படவேண்டியது நெற்றி, உச்சந்தலை இல்லை. வாயை மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கைக் கடித்துக்கொள்வான். கழுத்து விறைப்பாக இருக்கணும், பந்து வந்து நெற்றியில் மோதக் கூடாது, நெற்றி போய்ப் பந்தை மோதணும். கண் தானாகத் திறந்துகொள்ளும். ஒரு நாளைக்குப் பத்து தடவைக்கு மேல் வேண்டாம், தலைவலி என்றால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். அமெரிக்காவில் பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் தலையால் அடிக்கவே கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள், வீட்டில் அந்த வயதில் சின்னப் பையன் இருந்து அவனும் ஆசைப்பட்டால் அவனைப் பந்து பொறுக்கிப் போடச் சொல்லுங்கள். முதல் ஒரு வாரம் நீங்களே நாலடி தள்ளி நின்று, கையால் மெதுவாகத் தூக்கிப் போடுங்கள்.