வாசகர் கேள்வி – பதில்: அமெரிக்கப் பிரசங்கமும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

இம்மாதம் வந்த கடிதங்களில் ஐந்து ஒரே பொருளைப் பற்றியவை. ஒன்றைத் தொட்டால் மற்றொன்றும் கூடவே வருகிறது. ஆகவே ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த ஐந்துக்கு மட்டும் விடை தருகிறோம்.

கேள்வி: எங்கள் ஜெபக்குழுவின் வாட்ஸ்அப்பில் ஓர் அமெரிக்கப் போதகரின் பிரசங்கம் தமிழாக்கத்துடன் வந்தது. 2015இல் ஒருபாலினத் திருமணத்தை அனுமதித்ததால் அந்த நாடு தேவ கோபத்துக்கு ஆளாகிவிட்டது என்றும், விசுவாசிகள் இன்ன கட்சிக்கே வாக்களிக்க வேண்டும் என்றும் அவர் பேசுகிறார். அமெரிக்கச் சபைகள் எல்லாம் இப்படித்தான் எண்ணுகின்றனவா? போதகர்களுக்கு அரசியலில் இவ்வளவு செல்வாக்கு எப்படி வந்தது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: இந்த வாசகி கடிதம் எழுதியதோடு நில்லாமல் நம் அலுவலகத்துக்கே வந்து, கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த கைபேசியை மேசைமேல் வைத்து அந்தப் பிரசங்கத்தை ஓடவிட்டார். ஆங்கிலக் குரல் தணிந்து ஒலிக்க, அதன்மேல் ஒரு தமிழ்க் குரல் முழங்கியது. பதினோரு நிமிடப் பேச்சில் வேத வசனம் இரண்டே இடங்களில் வந்தது. எஞ்சியதெல்லாம் நீதிபதிகள், தேர்தல், பள்ளிக்கூடம் என்றே இருந்தது. கேட்டு முடித்தபோது நமக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: மத வலதுசாரி என்று அழைக்கப்படும் அந்த இயக்கம், 1970களின் பிற்பகுதியில் ஆட்களையும் பணத்தையும் அஞ்சல் முகவரிப் பட்டியல்களையும் கொண்டு கட்டி எழுப்பப்பட்ட ஓர் அரசியல் அமைப்பு. அது பேசுவதை அமெரிக்கக் கிறிஸ்தவத்தின் ஒரே குரலாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வர்ஜீனியா மாநிலத்தின் லிஞ்ச்பர்க் நகரில் பாப்டிஸ்ட் போதகராக இருந்த ஜெரி ஃபால்வெல், 1965இல் கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத்தில் போதகர்கள் இறங்கியதைக் கண்டித்து, அரசியல் போதகரின் வேலை அன்று என்று பிரசங்கித்தவர். அதே ஃபால்வெல்தான் 1979இல் ‘மாரல் மெஜாரிட்டி’ என்ற அமைப்பைத் தொடங்கி, மறு ஆண்டு ரொனால்ட் ரீகனின் வெற்றிக்கு உழைத்தார். இடையில் நடந்தவை பல. நிற வேறுபாடு காட்டிய தனியார் கிறிஸ்தவக் கல்வி நிறுவனங்களின் வரிவிலக்கை அரசு பறித்ததே இவர்களை முதலில் ஒன்று திரட்டியது என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் வாதிடுகிறார்கள். கருக்கலைப்பு எதிர்ப்பு பின்னர் வந்து சேர்ந்தது. தன்பாலீர்ப்பாளர் விவகாரம் வந்து சேர்ந்த இடம் ஃபுளோரிடா. அங்கு டேட் கவுண்டியில், வேலையிலும் வாடகை வீட்டிலும் தன்பாலீர்ப்பாளரை ஒதுக்கக் கூடாது என்று 1977இன் தொடக்கத்தில் ஓர் உள்ளூர்ச் சட்டம் வந்தது. ஆரஞ்சுச் சாறு விளம்பரங்களால் வீடுதோறும் அறிமுகமாகியிருந்த பாடகி அனிதா பிரையன்ட், ‘நம் பிள்ளைகளைக் காப்போம்’ என்ற முழக்கத்தோடு அதை எதிர்த்துக் கிளம்பினார். அவ்வாண்டு ஜூன் 7ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கையும் தாண்டி மக்கள் அச்சட்டத்தை நீக்கினார்கள். பிள்ளைகளைப் பற்றிய அச்சத்தைத் தூண்டினால் வாக்கும் வரும், நன்கொடையும் வரும் என்பது அன்று தெரிந்துபோயிற்று. அந்தப் பிரசங்கத்தில் பள்ளிக்கூடம் என்ற சொல் அத்தனை முறை வந்ததற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

மறு ஆண்டே கலிபோர்னியாவில் தன்பாலீர்ப்பாளரான ஆசிரியர்களைப் பணிநீக்கம் செய்ய வழிசெய்யும் ஒரு முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது. அதை எதிர்த்தவர்களில், அம்மாநிலத்தின் முன்னாள் ஆளுநரான ரீகனும் ஒருவர் என்பதை இன்று பலரும் மறந்துவிட்டார்கள். ஆனால் அவர் குடியரசுத் தலைவராக இருந்த காலத்தில், 1981 முதல் எய்ட்ஸ் நோய் இளைஞர்களைக் கொத்துக் கொத்தாக வாரிக்கொண்டு போனபோது, அதைத் தேவ தண்டனை என்று ஃபால்வெல் பேசினார். அரசு வாய் திறக்கவே ஆண்டுகள் பிடித்தன. ஆதரவாளர்களின் முகம் கோணாமல் பார்த்துக்கொள்வதற்காக உயிர்கள் கைவிடப்பட்ட அந்த ஆண்டுகளை எண்ணினால் இன்றும் நமக்கு மனம் பதைக்கிறது.

1989இல் ‘மாரல் மெஜாரிட்டி’ கலைந்தது. தொலைக்காட்சிப் போதகர் பேட் ராபர்ட்சன் தொடங்கிய ‘கிறிஸ்டியன் கோயலிஷன்’ அந்த இடத்துக்கு வந்தது. இதன் வேலைமுறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். வரிவிலக்குப் பெறும் சபைகள் எந்த வேட்பாளருக்கும் ஆதரவு கேட்கக் கூடாது என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. எனவே தேர்தலுக்கு முந்திய ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்களின் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். மேலே இரண்டு வேட்பாளர்களின் பெயர்கள். கீழே கருக்கலைப்பு, பள்ளியில் ஜெபம், தன்பாலீர்ப்பாளர் உரிமை என்று வரிசையாகச் சில பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆதரவு அல்லது எதிர்ப்பு. யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று ஒரு சொல்லும் அதில் இல்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. இப்படிப்பட்ட தாள்கள் இலட்சக்கணக்கில் சபைகள் வழியே போயின. உங்கள் கைபேசிக்கு வந்த பிரசங்கம் அந்தத் தாளின் வாரிசு.

சபைகள் எல்லாம் இப்படித்தானா என்று கேட்டீர்கள். இல்லை. தன்பாலீர்ப்பாளரான ட்ராய் பெரி என்ற போதகர் 1968இலேயே லாஸ் ஏஞ்சலிஸில் அவர்களுக்கென ஒரு சபையைத் தொடங்கினார். ‘யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட்’ 2005இல் ஒருபாலினத் திருமணத்தை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. நம் தென்னிந்தியத் திருச்சபைக்கு உறவுமுறையான ஆங்கிலிக்கன் குடும்பத்தைச் சேர்ந்த எபிஸ்கோபல் சபை, தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்திருந்த ஜீன் ராபின்சனை 2003இல் நியூ ஹாம்ப்ஷயரின் பேராயராக அபிஷேகம் செய்தது. அதே ஆங்கிலிக்கன் குடும்பத்தின் பேராயர்கள் 1998இல் லாம்பெத் மாநாட்டில் இதற்கு நேர்மாறான தீர்மானத்தை நிறைவேற்றியிருந்ததால் பெரும் பிளவே ஏற்பட்டது. விசுவாசிகள் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள் என்பதே உண்மை நிலை.

கேள்வி: ஆணோடு ஆண் உறவுகொள்வது அருவருப்பு என்று லேவியராகமம் 18:22 தெளிவாகச் சொல்கிறதே. வசனத்தை வைத்துப் பேசுகிறவர்களை அரசியல்வாதிகள் என்று எப்படிச் சொல்லலாம்?
– சபை உபதேசியார், நாசரேத்

பதில்: உபதேசியார் அவர்களே, வசனத்தை நம்புகிறவரை நாம் அரசியல்வாதி என்று சொல்லமாட்டோம். பல வசனங்களில் ஒன்றை மட்டும் எடுத்து, அதைச் சட்டமாக்கி, அந்த நம்பிக்கை இல்லாதவர் மீதும் ஏற்றும்போது அது அரசியலாகிவிடுகிறது. அமெரிக்காவின் மிகப் பெரிய புராட்டஸ்டன்ட் அமைப்பாகிய தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு 1845இல் பிறந்ததே, அடிமைகளை வைத்திருப்பவர் மிஷனரி ஆகலாமா என்ற சண்டையில்தான். ஆகலாம் என்றவர்களும் வசனம் காட்டினார்கள். அதற்கு அந்த மாநாடு மன்னிப்புக் கேட்டது 1995இல். அவ்வளவு தூரம் போவானேன்? நம் வடக்கன்குளத்தில் ஒரே தேவாலயத்துக்குள் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. அந்தச் சுவரின் இருபுறமும் இருந்தவர்கள் வாசித்தது ஒரே வேதாகமம். வசனத்தின் பொருளைத் தாங்களும் நாமும் உட்கார்ந்து விவாதிக்கலாம். ஒரு மனிதர் வேலையிழக்கவும் சிறை செல்லவும் அந்த விவாதம் காரணமாகக் கூடாது.

கேள்வி: ஒருபாலினத் திருமணத்தை ஏற்க மறுத்த 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் ஜனநாயகக் கட்சியின் பில் கிளின்டன்தானே? பழியை மத வலதுசாரிகள் மீது மட்டும் போடுவது நியாயமா? இப்போதுள்ள உரிமை நிலைக்குமா?
– அரசியல் அறிவியல் மாணவர், தென்காசி

பதில்: சரியாகப் பிடித்தீர்கள், தம்பி. அந்தச் சட்டம் மேலவையில் 85க்கு 14 என்ற கணக்கில் நிறைவேறியது. அத்தனை பேரும் மத வலதுசாரிகள் அல்லர். கேலப் நிறுவனம் அவ்வாண்டு எடுத்த கணிப்பில் நூற்றுக்கு 27 பேரே இத்திருமணத்தை ஆதரித்தார்கள். மத வலதுசாரிகளின் உண்மையான வலிமை அங்கேதான் வெளிப்பட்டது: எதிர்க்கட்சிக்காரரும் எதைச் சொல்ல அஞ்ச வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் இடத்துக்கு அவர்கள் வந்திருந்தார்கள். 2004 மே மாதம் மாசசூசெட்ஸில் முதல் ஒருபாலினத் திருமணங்கள் நடந்தன. அதே ஆண்டு நவம்பரில் பதினொரு மாநிலங்கள் அதைத் தடைசெய்து வாக்களித்தன. 2008இல் பராக் ஒபாமாவைத் தேர்ந்தெடுத்த அதே நாளில், அதே கலிபோர்னிய வாக்காளர்கள் 52 விழுக்காட்டில் இத்திருமணத்தைத் தடைசெய்தார்கள். ஒபாமாவும் 2012 வரை வெளிப்படையாக இதை ஆதரிக்கவில்லை.

மாற்றம் நீதிமன்றத்தின் வழியாகவும் வீடுகளின் வழியாகவும் வந்தது. 2003இல் தன்பாலுறவைக் குற்றமாக்கிய சட்டங்களை நீக்கிய தீர்ப்பையும், 2015இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் திருமண உரிமையை வழங்கிய தீர்ப்பையும் எழுதியவர் ரீகன் நியமித்த நீதிபதி அந்தோணி கென்னடி. தன் பிள்ளையும் தம்பியும் அலுவலகத் தோழரும் உண்மையைச் சொல்லத் தொடங்கியபின் மக்களின் எண்ணம் மாறியது; அந்த 27 இப்போது 70ஐ ஒட்டி நிற்கிறது.

நிலைக்குமா என்றால், அச்சத்துக்கு இடம் இருக்கிறது. 2016இல் டொனால்ட் டிரம்புக்கு வாக்களித்த வெள்ளை எவாஞ்சலிக்கல் சபையார் பத்தில் எட்டுப் பேர். அவர் நியமித்த மூன்று நீதிபதிகளின் துணையோடு 2022இல் கருக்கலைப்பு உரிமை வீழ்ந்தது. திருமணத் தீர்ப்பையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் அப்போது தனியே எழுதினார். அதனால்தான் அவ்வாண்டு டிசம்பரிலேயே இத்திருமணங்களைப் பாதுகாக்கும் சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. குடியரசுக் கட்சியின் மேலவை உறுப்பினர் பன்னிருவர் அதை ஆதரித்தார்கள்; 2008இல் கலிபோர்னியத் தடைக்கு முன்னின்று உழைத்த மார்மன் சபையும் அதை ஆதரித்தது. 2025 ஜூனில் தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு திருமணத் தீர்ப்பை நீக்கக் கோரித் தீர்மானம் போட்டது. நவம்பரில் அதற்கான ஒரு மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க மறுத்தது. போராட்டம் முடியவில்லை.

கேள்வி: இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு. நம் பத்திரிகை இதற்குப் பக்கம் ஒதுக்குவது எதற்கு?
– பலசரக்குக் கடைக்காரர், அம்பாசமுத்திரம்

பதில்: அண்ணாச்சி, மேல்நாட்டுச் சரக்கு என்றால் முதலில் எண்ண வேண்டியது, தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை. 1860இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த அதை 2018 செப்டம்பர் 6ஆம் தேதிதான் நம் உச்ச நீதிமன்றம், மனம் ஒப்பிய பெரியவர்களைப் பொறுத்தவரை, செல்லாதாக்கியது. அந்த வழக்குகளில் பல மதத்து அமைப்புகளும் ஒரே அணியாக நின்று அந்த ஆங்கிலேயச் சட்டத்துக்காக வாதாடின. அடுத்த மாதமே தூத்துக்குடியில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் கோயிலில் மணந்துகொள்ள, பதிவு அலுவலகம் மறுத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் அந்தத் திருமணத்தைப் பதிவு செய்யுமாறு உத்தரவிட்டது. ஒருபாலினத் திருமணத்துக்கோ 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இடம் தரவில்லை. பிரசங்கமும் ஊரில் தங்குவதில்லை. 2009இல் அமெரிக்கப் போதகர்கள் சிலர் உகாண்டாவுக்குப் போய்ப் பேசினார்கள். 2023இல் அந்நாட்டில் சில வகைத் தன்பாலுறவுக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டமே வந்துவிட்டது.

கேள்வி: என் ஒரே மகன் டெக்சாஸில் வேலை பார்க்கிறான். தான் ஒரு ஆண் நண்பனோடு வாழ்வதாகச் சென்ற மாதம் சொன்னான். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். ஜெபத்தாலும் சிகிச்சையாலும் இதை மாற்றலாம் என்று இங்கு சிலர் சொல்கிறார்கள். அவன் சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகைக்கு அந்த நண்பனோடு ஊருக்கு வர விரும்புகிறான். உறவினர் எல்லாரும் வருவார்கள். நான் என்ன செய்வது?
– ஒரு தாய், சாயர்புரம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களில் மை கலைந்திருந்தது. அதைப் பார்த்தபின் இதற்கு விடை எழுத மூன்று நாள் ஆயிற்று.

சிகிச்சைக்கு அனுப்பாதீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஜெபத்தால் மாற்றுவோம் என்று 1976இல் தொடங்கி, அந்த நாட்டில் மிகப் பெரிதாக வளர்ந்த கிறிஸ்தவ அமைப்பின் பெயர் ‘எக்ஸோடஸ் இன்டர்நேஷனல்’. 2013இல் அதன் தலைவரே, தங்களால் காயப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டு அமைப்பை மூடினார். முப்பத்தேழு ஆண்டுகள் முயன்று பார்த்தவர்கள் கைவிட்டதை இங்கு எவரும் உங்களுக்கு விற்க வேண்டாம். இந்தியாவிலும் 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், இவ்வகைச் சிகிச்சை தருவது மருத்துவருக்கு ஒழுங்கீனம் என்று அறிவித்துவிட்டது.

அந்த அறிவிப்புக்கு வழிவகுத்தது மதுரையைச் சேர்ந்த இரு பெண்களின் வழக்கு. ஒருவரை ஒருவர் விரும்பி, வீட்டை விட்டுச் சென்னைக்குப் போய்ப் பாதுகாப்புக் கேட்டார்கள். விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இதைப் பற்றித் தமக்கே முழுப் புரிதல் இல்லை என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் தாமே போய் அமர்ந்து கேட்டறிந்த பிறகுதான் 2021 ஜூன் 7ஆம் தேதி உத்தரவு எழுதினார். பெற்றோரையும் அவர் உளவியலாளரிடம் அனுப்பினார். உயர் நீதிமன்ற நீதிபதிக்கே காலம் தேவைப்பட்டது என்றால், ஒரு மாதத்துக்குள் உங்களுக்குத் தெளிவு வராததில் குற்றம் ஒன்றும் இல்லை. தொலைபேசியை வைத்ததையும் அவன் மன்னிக்கக் கூடியவன்தான். உங்களிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று எண்ணியவன் அல்லவா?

அந்த நண்பரோடு அவனை வரச் சொல்லுங்கள். அசனப் பந்தியில் உட்கார வருகிறவரிடம் நம் ஊரில் யாரும் காரணம் கேட்பதில்லை. உறவினரிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை மட்டும் நீங்கள் தனியாக முடிவு செய்துவிடாதீர்கள். இந்த இதழ் கைக்குக் கிடைத்ததும் அவனை அழைத்து, ஊரில் எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவன் விரும்புகிறான் என்பதை அவனிடமே கேளுங்கள். டெக்சாஸில் பொழுது விடிய நமக்கு மாலையாகிவிடும். ஆறரை மணிக்கு மேல் அழைத்தால், வேலைக்குக் கிளம்புமுன் அவன் எடுப்பான்.