உவரியில் பைபர் வள்ளத்துக்குப் புதிதாக வாங்கிய 9.9 குதிரைசக்தி நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டில் (வள்ளத்தின் பின்பக்கம் மாட்டும் எஞ்சின்) ஆயில் அளவு பார்க்கும் ஸ்டிக் காலையில் ஒரு அளவும் மத்தியானம் ஒரு அளவும் காட்டுகிறது. எவ்வளவு ஊற்ற வேண்டும்?

இப்போதைக்கு எதையும் ஊற்றாதீர்கள் அண்ணாச்சி. முதலில் அளவைச் சரியாகப் பார்ப்போம்.

கரை ஏறும்போது எஞ்சினைத் தூக்கிப் பூட்டிவிடுவீர்கள். சாய்ந்து நிற்கிற எஞ்சினில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். அந்த நிலையில் ஸ்டிக் காட்டும் அளவை நம்பவே கூடாது. வள்ளம் மணல் சரிவில் கிடந்தாலும் இதே கதைதான். கடலிலிருந்து வந்து எஞ்சினை அணைத்த கையோடு பார்த்தாலும் தவறு: மேலே ஏறிய ஆயில் அடிச்சட்டிக்கு இறங்கியிருக்காது, குறைவாகக் காட்டும். உங்களுக்கு இரண்டு அளவு வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

காலையில் கடலுக்குப் போகும் முன்பு, எஞ்சினைச் செங்குத்தாக இறக்கி, பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். ஸ்டிக்கை உருவுவதற்கு முன் மூடியைச் சுற்றி ஈரத்துணியால் நன்றாகத் துடைக்க வேண்டும். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் நம் கரையில் இது மிக முக்கியம். இந்த மணலில் கார்னெட், இல்மனைட் என்கிற கனிமங்கள் கலந்து கிடக்கின்றன. கார்னெட், தொழிற்சாலைகளில் இரும்பின் துருவை உரசி எடுக்கப் பயன்படுத்துகிற பொருள். கச்சான் (மேல்காற்று) அடிக்கிற மாதங்களில் அது எஞ்சின் மேல்மூடியான ஹூட்டுக்குள்ளும் வந்து படியும். அந்தச் சிவப்பு மணல் ஒரு சிட்டிகை ஆயிலில் விழுந்தாலும் பேரிங்கைத் தேய்த்துவிடும். பிறகு ஸ்டிக்கை நூல் உதிராத துணியால் துடைத்து, முழுசாக உள்ளே விட்டு, எடுத்துப் பாருங்கள். மேல் குறிக்கும் கீழ்க் குறிக்கும் நடுவில் இருந்தால் போதும், மேல் குறியை எட்ட வேண்டியதில்லை.

கீழ்க் குறிக்கும் கீழே போனால் மட்டும் ஊற்றுங்கள். இந்த அளவு எஞ்சினின் மொத்தக் கொள்ளளவே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். அதனால் ஒரு தடவைக்கு 50 மில்லி ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டு, மறுபடி பார்க்க வேண்டும். கூடிப்போனால் பிரீதர் (எஞ்சினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் குழாய்) வழியாகக் காற்று இழுக்கும் பக்கம் ஏறி, புகை அடித்து, பிளக் கரி பிடிக்கும்.

எந்த ஆயில்? டப்பாவில் எஃப்சி-டபிள்யூ (FC-W, நான்கு ஸ்ட்ரோக் படகு எஞ்சின் ஆயிலுக்கான தர முத்திரை) உள்ள 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40; இந்த எண்கள் ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும். உப்புக் காற்றில் துரு பிடிக்காமல் காக்கும் சேர்மானம் அதில் உண்டு. பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு வாங்கிய டிசி-டபிள்யூ3 (TC-W3) ஆயில் மிச்சம் இருந்தால் இதில் ஊற்றக் கூடாது. அது பெட்ரோலோடு கலந்து எரிவதற்கானது. பெட்ரோலிலும் இனி எந்த ஆயிலும் கலக்க வேண்டாம்.

அளவு குறைவதைவிட, ஊற்றாமலே கூடுவதுதான் என்னைக் கவலைப்பட வைக்கும். ஸ்டிக்கை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்து ஆயில் தண்ணியாக ஓடினால், எரியாத பெட்ரோல் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்குகிறது. தூண்டில் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் மெதுவாக ஓட்டும்போது எஞ்சின் போதிய சூடு ஏறாததால் இப்படி ஆகும். புது எஞ்சினில் ரிங் படியும்வரை இது கொஞ்சம் இருக்கலாம். தொடர்ந்தால் ஆயிலை மாற்றி, தெர்மோஸ்டாட்டில் (எஞ்சின் சூட்டுக்கு ஏற்பக் குளிர்விக்கும் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வு) உப்போ மணலோ அடைத்துத் திறந்தபடி நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அன்றைக்கு எஞ்சினை ஸ்டார்ட்டே செய்யாதீர்கள்.

ஆயிலின் முதல் மாற்றம் பொதுவாக 20 மணி நேரத்தில், பிறகு 100 மணிக்கு ஒரு தடவை. ஆறு மாதம் என்றும் கையேட்டில் போட்டிருக்கும், அதை நம்பி இருக்காதீர்கள். தினம் நாலு மணி நேரம் ஓடுகிற வள்ளத்துக்கு 25 நாளில் 100 மணி வந்துவிடும். எஞ்சின் சூடாக இருக்கும்போது வடித்தால் அழுக்கும் சேர்ந்து இறங்கும். வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள்.

கீழே கியர் ஆயில் தனி, அதை ஸ்டிக்கால் பார்க்க முடியாது. மாதம் ஒருமுறை புரொப்பல்லரைக் கழற்றி, தண்டில் தங்கூசி (நைலான் தூண்டில் நரம்பு) சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீலை (seal) அது அறுத்துவிட்டால் கடல்தண்ணி கியருக்குள் போய்விடும்.