முள்ளும் கொயினாவும்

ஐயா, வணக்கம். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் என் மாமியார் ஹோமியோபதி உருண்டைதான் தருவார். "இது இந்தியாவிலிருந்து வந்த வைத்தியம், முள்ளை முள்ளால் எடுக்கிற மாதிரி" என்பார். உண்மையா? என் நான்கு வயது மகனுக்குக் கொடுக்கலாமா?
வாசகி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அன்புள்ள தங்கைக்கு,

ஹோமியோபதி பிறந்தது ஜெர்மனியில். இந்தியாவில் நன்றாக வேரூன்றியதால் நம்முடையது போலத் தோன்றுகிறது. ஆனால் அதன் கொள்கையைச் சொல்ல உங்கள் அத்தை எடுத்த முள் உவமை மிகப் பொருத்தம்.

அதைத் தொடங்கிய சாமுவேல் ஹானிமன் ஒரு டாக்டர். அன்றைய வைத்தியம் ரத்தத்தை வடிய விடுவது, பாதரசம் கொடுப்பது என்றிருந்தது. அது பிடிக்காமல் தொழிலை விட்டு, நூல்களை மொழிபெயர்த்துப் பிழைத்தார். 1790இல் வில்லியம் கல்லனின் மருந்து நூலை மொழிபெயர்க்கும்போது, சின்கோனா மரத்தின் பட்டை மலேரியாவைத் தீர்ப்பதற்குக் கல்லன் சொன்ன காரணம் அவருக்கு ஒப்பவில்லை. தானே பட்டையைத் தின்று பார்த்தார். குளிர்காய்ச்சல் போலவே உடம்பு படுத்தியது. நலமாக இருப்பவருக்கு எது நோய்க்குறியைத் தருகிறதோ, அதுவே அந்த நோயைத் தீர்க்கும் என்று முடிவுகட்டினார். 1796இல் கட்டுரையாகவும் 1810இல் 'ஆர்கனான்' என்ற நூலாகவும் எழுதினார். தன் உடம்பிலேயே சோதித்த அந்தத் துணிவை நான் மதிக்கிறேன்.

அப்புறம்தான் நீர்க்க வைக்கும் முறை வந்தது. ஒரு பங்கு மருந்து, தொண்ணூற்றொன்பது பங்கு நீர் அல்லது சாராயம். குலுக்கி, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடியும் அப்படியே. பன்னிரண்டு முறை தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது அரிது. கடைகளில் விற்கும் '30' என்பது முப்பது முறை. ஆனாலும் அன்று பலர் பிழைத்தார்கள். ரத்தம் வடிப்பதைவிட, ஒன்றும் செய்யாமல் விடுவதே உடம்புக்கு நல்லதாக இருந்தது. ஹானிமன் நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு எழுதியும் வைத்தார். நம் டாக்டர்கள் அதை அவரிடம் கற்கலாம்.

சரி, நம் தீவுக்கு வருவோம். 1867இல் மலேரியா போர்ட் லூயிஸைச் சூறையாடியது. வசதியுள்ளவர்கள் கியூர்ப்பிப் மேட்டுக்குக் குடியேறினார்கள். அன்று காய்ச்சலைத் தணித்தது கொயினா, அதே சின்கோனா பட்டையின் சாரம். அது காய்ச்சலைத் தருவதால் காய்ச்சலைத் தீர்ப்பதில்லை. ரத்தத்தில் இருக்கும் ஒட்டுண்ணியைக் கொல்கிறது. கொல்வதற்குப் போதிய அளவில் உள்ளே போக வேண்டும். கைப்பு நாக்கை விட்டுப் போகாத அளவு. ஹோமியோபதி தொடங்கிய அந்தப் பட்டையே அதன் கொள்கைக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது என்பதுதான் என் கருத்து. 2015இல் ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆய்வு மன்றம் ஏராளமான ஆய்வுகளை அலசி, இது எந்த நோய்க்கும் பயன்படும் என்பதற்கு நம்பகமான சான்று இல்லை என்றது.

சாதாரணச் சளிக்கு அத்தை உருண்டை கொடுத்தால் சண்டை போடாதீர்கள்; சளி தானாகவே போகும். ஆனால் காய்ச்சல் வேறு. இங்கே டெங்கு வருகிறது, சிக்குன்குனியா வருகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால் உருண்டையை நம்பி ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள். அத்தையையும் கூட்டிக்கொண்டே போங்கள்.