லிதுவேனியா போன்ற குட்டி நாட்டுக்கு வங்கிகளின் பின்னணி வேலைகள் எப்படிப் போகின்றன?

மக்கள்தொகை 30 லட்சத்துக்கும் குறைவு. பெங்களூரோடு ஆள்பலத்தில் மோத முடியாது. சம்பளமும் இங்கே இந்தியாவில்தான் குறைவு. பிறகு ஏன் அதன் தலைநகர் வில்னியஸ்?

முதல் காரணம் அக்கம்பக்கம். டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனுக்கும் வில்னியஸுக்கும் கடிகாரத்தில் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். காலையில் டென்மார்க்கில் ஒரு சிக்கல் என்றால் அதே காலையில் பேசி முடிக்கலாம். இரண்டாவது, 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததால் வாடிக்கையாளர் தரவு ஒன்றிய எல்லையைத் தாண்டவே வேண்டாம். வங்கிக்காரர்களுக்கு இது பெரிய நிம்மதி.

டென்மார்க்கின் டான்ஸ்கே வங்கி, பணம் அனுப்பும் நிறுவனமான வெஸ்டர்ன் யூனியன், அமெரிக்கப் பங்குச்சந்தை நிறுவனமான நாஸ்டாக் எல்லாம் அங்கே மையம் வைத்திருக்கின்றன. கணக்கு, பணமோசடித் தடுப்புச் சோதனை, மென்பொருள் என்று வேலை நீள்கிறது. இதைக் 'கால் சென்டர்' என்று நினைத்தால் தவறு. பெரும்பாலும் இது வெளியாளுக்குக் குத்தகை விடுவதும் இல்லை. சொந்தக் கிளையிலேயே செய்துகொள்கிறார்கள். டான்ஸ்கே 2023இல் தன் இந்திய ஐடி மையத்தை இன்ஃபோசிஸிடம் கொடுத்தது, லிதுவேனிய மையத்தையோ கையிலேயே வைத்துக்கொண்டது.

பலவீனமும் உண்டு. லண்டனில் எடுக்கும் ஒரு முடிவு போதும்: பிரிட்டிஷ் வங்கியான பார்க்ளேஸ் தன் வில்னியஸ் தொழில்நுட்ப மையத்தை மூடியே விட்டது. சம்பளம் ஏற ஏற, மலிவு என்ற வாதமும் அங்கே தேய்ந்துகொண்டே வருகிறது.